ஜார்ஜ் என்னும் பெயர்: அழைப்பவரும் அழைக்கப்படுபவரும்



பண்டிதர் அயோத்திதாசரை நினைவுகூரும் இந்த மேடையில் ஓர் ஆங்கிலப் பெயரின் வரலாற்றைப் பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம். பண்டிதருக்கும் ஜார்ஜ் என்ற பெயருக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். பெயர் என்பது பண்டிதர் தம் வாழ்நாள் முழுக்கக் கையாண்ட கேள்வி. பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி தந்த ஆசிரியரின் பெயரைத் தம் பெயராக ஏற்று அவர் அயோத்திதாசர் ஆனார். ஊர் நம்மை என்ன சொல்லி அழைக்கிறது, அந்தச் சொல் யாரால், எதற்காக நம்மீது ஏற்றப்பட்டது என்று ‘தமிழன்’ இதழில் ஓயாமல் கேட்டவர் அவர். அதே கேள்வியை இன்று அமெரிக்கக் கருப்பின மக்களின் வரலாற்றிடம் கேட்கிறோம். அங்கே ஒரே ஒரு பெயரைப் பின்தொடர்ந்து போனாலே அடிமைமுறை, கூலி, தொழிற்சங்கம், நீதிமன்றம் எல்லாம் வழியில் வந்து நிற்கின்றன.

உழவனின் பெயர்

பெயர் அகராதியைப் புரட்டினால் ‘ஜார்ஜ்’ என்பதற்கு ‘உழவன்’ என்று பொருள் போட்டிருக்கும். அது சரியான பொருள்தான். கிரேக்க மொழியில் ‘கே’ என்றால் மண். ‘எர்கோன்’ என்றால் வேலை. இரண்டும் சேர்ந்த ‘கியோர்கோஸ்’ என்ற சொல் மண்ணில் வேலை செய்கிறவனைக் குறித்தது. அதிலிருந்து ‘கியோர்கியோஸ்’ என்ற ஆட்பெயர் பிறந்தது. ரோமானியக் கவிஞர் வெர்ஜில் வேளாண்மையைப் பற்றி எழுதிய நூலின் பெயரான ‘ஜார்ஜிக்ஸ்’ என்பதிலும் இதே வேர்தான் இருக்கிறது.

உழவனின் இந்தப் பெயர் உலகெங்கும் பரவியது ஒரு படைவீரனால். 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரோமப் பேரரசன் டயோக்லீஷியன் கிறிஸ்தவர்களை வேட்டையாடிய காலத்தில், பாலஸ்தீனத்தின் லித்தா நகரில் கொல்லப்பட்டதாக மரபு சொல்லும் வீரர் ஜார்ஜ். அவர் குதிரையில் ஏறி நாகத்தைக் குத்திக் கொல்லும் கதை பல நூற்றாண்டுகள் கழித்துச் சேர்ந்தது. 14ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மன்னன் மூன்றாம் எட்வர்ட் இந்தப் புனிதரைத் தன் வீரர் குழுவின் காவலராக ஆக்கினான். மண்ணை வெட்டியவனின் பெயர் அரண்மனைக்குள் போனது இப்படித்தான்.

கிழக்கே இதே பெயர் சிரியாக் மொழி வழியாகக் கேரளக் கரைக்கு வந்து கீவர்கீஸ், வர்கீஸ், வர்க்கி என்றானது. வர்கீஸும் ஜார்ஜும் ஒரே பெயர்தான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

மன்னனின் பெயர்

ஜார்ஜ் என்பது ஆங்கிலேயரின் பழைய பெயர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். புனிதர் இருந்தும், இங்கிலாந்தில் பிள்ளைகளுக்கு வைக்கும் பெயராக அது நீண்டகாலம் பெருவழக்காகவில்லை. 1714இல் ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து முதலாம் ஜார்ஜ் வந்து அரியணை ஏறினான். அதிலிருந்து 1830 வரை வரிசையாக நான்கு ஜார்ஜுகள் ஆண்டார்கள். குடிமக்களும் தம் பிள்ளைகளுக்கு மன்னனின் பெயரை வைக்கத் தொடங்கினார்கள். பெயர் மேலிருந்து கீழே இறங்குவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இறங்கும் பெயர் எந்தப் படி வரை இறங்கியது, அங்கே அதற்கு என்ன ஆனது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

இரண்டாம் ஜார்ஜ் மன்னனின் பெயரால் 1732இல் வட அமெரிக்காவில் ஒரு குடியேற்றத்துக்கு அனுமதி தரப்பட்டது. அதுதான் ஜார்ஜியா. தொடக்கத்தில் அங்கே அடிமைமுறைக்குத் தடை இருந்தது. குடியேறிய வெள்ளையர் வற்புறுத்தியதால் 1751இல் அந்தத் தடை நீங்கியது. 1860ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்போது ஜார்ஜியாவில் மட்டும் 4,62,198 பேர் அடிமைகளாக இருந்தார்கள். உழவன் என்று பொருள்படும் பெயரைச் சூடிய மாநிலத்தில், உழுதவர்களுக்கு ஒரு முழம் நிலம் கிடையாது. அவர்கள் உடலே இன்னொருவரின் சொத்து.

பெயரைப் பறிப்பது

ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் ஏற்றப்பட்டவர்களுக்குப் பெயர்கள் இருந்தன. இன்றைய கானா பகுதியைச் சேர்ந்த அகான் மக்கள் பிறந்த கிழமையை வைத்துப் பெயரிடுவார்கள். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி, திங்கட்கிழமை பிறந்தவன் குட்ஜோ. தோட்ட முதலாளிகளின் கணக்குப் புத்தகங்களில் இந்தப் பெயர்கள் சிதைந்த உருவில் சில காலம் தென்படுகின்றன. பிறகு சீசர், பாம்பே, கேட்டோ, ஜுபிடர், வீனஸ் என்ற பெயர்கள் வருகின்றன. ரோமப் பேரரசனின் பெயரைப் பருத்திக் காட்டில் சாட்டையடி வாங்குகிறவனுக்கு வைத்தது முதலாளிகளின் கேலி. நாய்க்கும் குதிரைக்கும் வைத்த அதே பெயர்களை மனிதர்களுக்கும் வைத்தார்கள்.

சமூகவியலாளர் ஓர்லாண்டோ பேட்டர்சன் 1982இல் வெளியிட்ட ‘அடிமைமுறையும் சமூக மரணமும்’ என்ற ஆய்வில், உலகின் பல அடிமைச் சமூகங்களை ஒப்பிட்டு, பழைய பெயரை அழித்துப் புதுப்பெயர் இடுவதை அடிமையாக்கும் சடங்குகளில் ஒன்றாகக் காட்டுகிறார். பெயர் போனால் தாய், தந்தை, பிறந்த ஊர் எல்லாவற்றோடும் இருந்த தொடர்பு அறுகிறது. அதன்பின் அந்த மனிதரை அடையாளப்படுத்த முதலாளி ஒருவனே மிஞ்சுகிறான்.

இந்த இடத்தில் மனுவையும் நினைக்காமல் இருக்க முடியாது. பிராமணனின் பெயர் மங்கலத்தையும் சத்திரியனின் பெயர் வலிமையையும் வைசியனின் பெயர் செல்வத்தையும் சொல்ல வேண்டும். சூத்திரனின் பெயர் இழிவைச் சொல்ல வேண்டும் என்று மனுநூலின் இரண்டாம் அத்தியாயம் விதிக்கிறது. நான்கு வருணத்துக்கும் வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்குப் பெயர் விதிக்கக்கூட அந்த நூல் அந்த இடத்தில் மெனக்கெடவில்லை.

அமெரிக்க அரசும் தன் பங்குக்குப் பெயரை அழித்தது. 1850, 1860ஆம் ஆண்டுகளின் கணக்கெடுப்பில் அடிமைகளுக்கெனத் தனிப் பட்டியல் இருந்தது. அதில் முதலாளியின் பெயர் உண்டு. அடிமைகளின் வயது, பால், நிறம் உண்டு. அவர்களின் பெயர் பொதுவாகக் கிடையாது. 1860இல் 39 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படிப் பெயரின்றி எண்ணப்பட்டார்கள். அடிமைகளாக இருந்த மக்கள் முதல் பெயரும் குடும்பப் பெயருமாகக் கணக்கெடுப்பில் எழுதப்பட்டது 1870இல்தான்.

தாமே வைத்துக்கொண்ட பெயர்

விடுதலையின் முதல் செயல்களில் ஒன்றாகப் பெயர் சூட்டிக்கொள்வது இருந்தது. ஃபிரெடரிக் பெய்லி 1838இல் தப்பி வந்து டக்ளஸ் ஆனார். இசபெல்லா என்ற பெண் 1843இல் தம் பெயரை சோஜர்னர் ட்ரூத் என்று மாற்றிக்கொண்டு ஊர் ஊராகப் பேசப் புறப்பட்டார். பள்ளியில் முழுப்பெயர் கேட்டபோது, குடும்பப் பெயர் ஏதும் இல்லாத புக்கர் என்ற சிறுவன் ‘வாஷிங்டன்’ என்று அந்த இடத்திலேயே சொன்னதைப் பின்னாளில் தம் தன்வரலாற்றில் எழுதினார்.

நம் பெயருக்குரிய கதை மிசௌரி மாநிலத்தில் இருக்கிறது. மோசஸ் கார்வர் என்பவரின் பண்ணையில் அடிமைத் தாய்க்குப் பிறந்த ஒரு பிள்ளையை ‘கார்வரின் ஜார்ஜ்’ என்று அழைத்தார்கள். ‘பண்ணையாரின் மாடு’ என்பது போன்ற அழைப்பு. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் தேடிப் போனபோது தம் பெயரை ஜார்ஜ் கார்வர் என்று சொல்லிக்கொண்டார். பெயரின் முன்னே இருந்த உரிமை வேற்றுமை போய், அது ஒரு மனிதனின் முழுப்பெயராக நின்றது. இலக்கணத்தில் சின்ன மாற்றம். வாழ்க்கையில் எவ்வளவு பெரிய மாற்றம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் 1896இல் டஸ்கீகி கல்விக்கூடத்தின் வேளாண் துறைக்கு வந்தார். பருத்தியை மட்டுமே போட்டுப் போட்டுச் செத்துப்போன தெற்கத்திய மண்ணில், நிலக்கடலையும் காராமணியும் சர்க்கரைவள்ளியும் மாற்றிப் பயிரிடச் சொல்லிக் கருப்பினக் குத்தகை விவசாயிகளிடம் போனார். 1906இல் ஒரு வண்டியில் கருவிகளையும் விதைகளையும் ஏற்றி, கல்லூரியையே கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். மண்ணில் வேலை செய்கிறவன் என்ற கிரேக்கப் பொருள் அந்தப் பெயரில் மீண்டும் உயிர்பெற்றது இங்கேதான்.

ரயிலில் எல்லோரும் ஜார்ஜ்

ஜார்ஜ் மார்ட்டிமர் புல்மேன் 1867இல் தூங்கும் வசதி கொண்ட சொகுசு ரயில் பெட்டிகளுக்கென ஒரு நிறுவனம் தொடங்கினார். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்து இரண்டாண்டுதான் ஆகியிருந்தது. படுக்கை விரிக்க, மூட்டை தூக்க, காலணிக்குப் பாலிஷ் போட, எச்சில் கலம் கழுவ அவர் முன்னாள் அடிமைகளைத் தேடி வேலைக்கு வைத்தார். பணிவிடை செய்து பழகியவர்கள், குறைந்த கூலிக்கு வருவார்கள் என்ற கணக்கு. 1920களில் அமெரிக்காவில் கருப்பினத்தவரை அதிக எண்ணிக்கையில் வேலைக்கு வைத்திருந்த தனியார் நிறுவனம் புல்மேன்தான். சுமார் 12,000 போர்ட்டர்கள் அங்கே இருந்தார்கள்.

அந்த 12,000 பேருக்கும் பயணிகள் வைத்த பெயர் ஒன்றே: ஜார்ஜ். அடிமையை முதலாளியின் பெயரால் அழைத்த பழைய வழக்கம் ரயிலில் ஏறிக்கொண்டது. முதலாளி ஜார்ஜ் புல்மேன், ஆகவே அவருடைய ஆட்கள் எல்லோரும் ஜார்ஜ். ஐம்பது வயதுக்காரரையும் பட்டப்படிப்பு முடித்தவரையும் வெள்ளைக்காரச் சிறுவன் ‘ஏய் ஜார்ஜ்’ என்று விரல் சொடுக்கிக் கூப்பிடுவான். சிரித்த முகத்தோடு திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அன்றைய இனாம் போய்விடும். கூலி போதாமல் இனாமை நம்பி வாழும்படி வைத்திருந்ததால், அந்தப் பெயருக்குத் திரும்புவது வயிற்றுப்பாட்டோடு கட்டப்பட்டிருந்தது.

வேலை மாதத்துக்கு 400 மணி நேரம், அல்லது 11,000 மைல். 1920களின் நடுவில் மாதச் சம்பளம் 70 டாலரை ஒட்டி இருந்தது. சாப்பாட்டுச் செலவும் பாலிஷ் செலவும் அவரவர் பொறுப்பு. நிறுவனர் 1897இல் இறந்ததும் அந்த நிறுவனத்தின் தலைவரானவர் ராபர்ட் லிங்கன். அடிமைகளின் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஆபிரகாம் லிங்கனின் மகன். சட்டம் விடுவித்தவர்களைச் சந்தை மறுபடியும் எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பதற்கு இந்த ஒரு பெயரே போதும்.

வெள்ளைத் தொழிலாளர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1894இல் புல்மேன் தொழிற்சாலையில் நடந்த வேலைநிறுத்தம் உலகத் தொழிலாளர் வரலாற்றில் புகழ்பெற்றது. அதை நடத்திய அமெரிக்க ரயில்வே சங்கம், தலைவர் யூஜின் டெப்ஸ் எதிர்த்தும்கூட, கருப்பினத்தவருக்கு உறுப்பினர் உரிமை இல்லை என்று முடிவு செய்திருந்தது. அதே முதலாளியிடம் வேலை பார்த்தும் போர்ட்டர் அந்தப் போராட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டார். தொழிலாளர்களுக்கு இடையிலும் பிரிவினை உண்டு என்று அண்ணல் அம்பேத்கர் பின்னாளில் இங்கே சொன்னதை அங்கே உள்ளவர்கள் சொந்த அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்.

ஜார்ஜுகளின் சங்கம்

1914இல் ஒரு வேடிக்கை நடந்தது. அந்த ஆண்டு மே மாதம்தான் நம் பண்டிதர் மறைந்தார். அமெரிக்காவில் ஜார்ஜ் டுலனி என்ற வெள்ளைக்கார மரவணிகர், ‘தூங்கும் பெட்டிப் போர்ட்டர்களை ஜார்ஜ் என்று அழைப்பதைத் தடுக்கும் சங்கம்’ ஒன்றைத் தொடங்கினார். பாதி கேலி, பாதி எரிச்சல். போர்ட்டரின் மானம் போகிறதே என்ற கவலையில் பிறந்த சங்கம் என்று தவறாக நினைத்துவிட வேண்டாம். ஜார்ஜ் என்ற தம் நல்ல பெயர் கருப்பின வேலையாளுக்குப் போய்ச் சேருகிறதே என்பது அந்த ஜார்ஜுகளின் கவலை. சங்கத்தில் 31,000 பேர் சேர்ந்ததாகச் சொல்லப்படுகிறது. பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் பெயரும் அந்த உறுப்பினர் பட்டியலில் உண்டு.

இந்தச் சங்கத்தின் வற்புறுத்தலால் 1926இல் புல்மேன் நிறுவனம் ஒவ்வொரு பெட்டியிலும் பணியிலிருக்கும் போர்ட்டரின் பெயர் அட்டையை மாட்ட ஒப்புக்கொண்டது. அப்போது எண்ணிப் பார்த்ததில், 12,000 போர்ட்டர்களிலும் பரிசாரகர்களிலும் உண்மையிலேயே ஜார்ஜ் என்று பெயர் கொண்டவர்கள் 362 பேர் என்று தெரிந்தது. மற்ற பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தமக்குரியதல்லாத பெயருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் பெயர் அட்டை ஒரு வெற்றி. நாம் அதை இரண்டு காரணங்களால் ஐயத்தோடு பார்க்கிறோம். முதலாவது, அட்டையில் இருந்தது முதல் பெயர் மட்டும். வெள்ளைக்காரப் பயணி ‘மிஸ்டர்’ போட்டுக் குடும்பப் பெயரால் அழைக்கப்படுவார். போர்ட்டர் ஜானாகவோ வில்லியமாகவோ அழைக்கப்படுவார். பெயர் மாறியது, படி மாறவில்லை. இரண்டாவது, அது எந்தக் காலத்தில் வந்தது என்பது. ஓராண்டுக்கு முன்புதான் போர்ட்டர்கள் சொந்தமாகச் சங்கம் தொடங்கியிருந்தார்கள். அந்தச் சங்கத்தோடு பேச மறுத்த நிறுவனம், வெள்ளைக்கார ஜார்ஜுகளின் சங்கத்தோடு பேசி அட்டை மாட்டியது. அட்டைக்குச் செலவு குறைவு. ஒப்பந்தத்துக்குச் செலவு அதிகம்.

ஒப்பந்தம் தந்த பெயர்

1925 ஆகஸ்ட் 25 அன்று நியூயார்க்கின் ஹார்லெமில் தூங்கும் பெட்டிப் போர்ட்டர்களின் சகோதரத்துவச் சங்கம் தொடங்கியது. தலைவர் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப். ‘மெசெஞ்சர்’ இதழின் ஆசிரியரான அவர் புல்மேனில் ஒரு நாளும் வேலை பார்த்தவரல்ல. அதனாலேயே போர்ட்டர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவரை வேலைநீக்கம் செய்ய நிறுவனத்தால் முடியாதல்லவா? சிகாகோவில் மில்டன் வெப்ஸ்டர், ஓக்லாந்தில் டெல்லம்ஸ், வாஷிங்டனில் பெண்களைத் திரட்டிய ரோசினா டக்கர் போன்றோர் சங்கத்தைக் கட்டினார்கள். உளவாளிகள் கண்ணில் படாமல் கூட்டம் நடத்தவும் சந்தா சேர்க்கவும் மனைவிமார் முன்வந்தார்கள்.

நிறுவனம் சும்மா இருக்கவில்லை. தானே ஒரு பொம்மைச் சங்கத்தை நடத்தியது. பிலிப்பினோ தொழிலாளரைக் கொண்டுவந்து நிறுத்தி, உங்களுக்குப் பதில் ஆள் இருக்கிறது என்று காட்டியது. சங்கத்தில் சேர்ந்தவர்கள் வேலை இழந்தார்கள். 1930களின் தொடக்கத்தில், பொருளாதார வீழ்ச்சியில், உறுப்பினர் எண்ணிக்கை சில நூறாகச் சுருங்கியது. அப்போதும் கலைக்காமல் வைத்திருந்தார்கள். 1935இல் நடந்த வாக்கெடுப்பில் போர்ட்டர்களின் பிரதிநிதி இந்தச் சங்கமே என்பது உறுதியானது. தொடங்கிச் சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1937 ஆகஸ்ட் 25 அன்று, ஒப்பந்தம் கையெழுத்தானது. மாதம் 400 மணி நேர வேலை 240 ஆகக் குறைந்தது. கூலி உயர்ந்தது. ஒரு பெரிய அமெரிக்க நிறுவனம் கருப்பினத் தொழிலாளர் சங்கத்தோடு கையெழுத்திட்ட முதல் ஒப்பந்தம் அது.

1926இன் பெயர் அட்டையையும் 1937இன் ஒப்பந்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் போர்ட்டரின் பெயரை முதலாளி எழுதி மாட்டினார். இரண்டாவதில் போர்ட்டர்களின் சங்கம் தன் பெயரைத் தானே எழுதிக் கையெழுத்திட்டது. இனாமுக்காகச் சிரிக்கவேண்டிய கட்டாயம் கூலி உயர உயரத்தான் தளர்ந்தது. ‘என் பெயர் ஜார்ஜ் இல்லை’ என்று ஒருவர் நிமிர்ந்து சொல்ல, பின்னால் ஒரு சங்கம் வேண்டியிருந்தது.

இந்தச் சங்கத்தின் வேர் வெகுதூரம் ஓடியது. வடக்கே அச்சான ‘சிகாகோ டிஃபெண்டர்’ இதழைத் தெற்கத்திய ஊர்களுக்கு ரயிலில் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் போர்ட்டர்கள். 1941இல் வாஷிங்டனை நோக்கிப் பேரணி நடத்துவோம் என்று ராண்டால்ஃப் எச்சரித்த பிறகே, போர்த் தளவாடத் தொழிற்சாலைகளில் இனப்பாகுபாடு கூடாதென ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஆணையிட்டார். 1955இல் மாண்ட்கோமரியில் ரோசா பார்க்ஸ் கைதானபோது பிணை எடுக்கப் போனவரும் பேருந்துப் புறக்கணிப்புக்கு முதலில் ஆள் திரட்டியவருமான இ.டி. நிக்சன் ஒரு புல்மேன் போர்ட்டர்.

மிஸ் ஹாமில்ட்டன்

முதல் பெயரால் மட்டும் அழைப்பது தீராத வழக்காகத் தெற்கில் தொடர்ந்தது. 1963இல் அலபாமாவில் ஒரு நீதிமன்றத்தில், போராட்டத்தில் கைதான மேரி ஹாமில்ட்டன் என்ற இளம்பெண்ணை அரசு வழக்கறிஞர் ‘மேரி’ என்று அழைத்துக் கேள்வி கேட்டார். வெள்ளைக்காரச் சாட்சிகளை மிஸ், மிஸ்டர் என்று அழைக்கும் நீதிமன்றம் அது. மிஸ் ஹாமில்ட்டன் என்று அழைத்தால்தான் பதில் சொல்வேன் என்றார் அவர். நீதிமன்ற அவமதிப்பு என்று சிறையும் அபராதமும் விதித்தார்கள். 1964இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது.

ஊரின் ஐந்து வயதுப் பிள்ளை சேரியின் எழுபது வயது முதியவரைப் பெயர் சொல்லி ஒருமையில் கூப்பிட்டதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த வழக்கை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ‘ஆர்’ விகுதியும் ‘ங்க’ என்ற மரியாதையும் யாருக்குக் கிடைத்தன, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதே நம் ஊர்களின் எழுதப்படாத சட்டம்.

பெயரா, நிலையா?

1928இல் ஒரு பள்ளி மாணவர் ‘கிரைசிஸ்’ இதழுக்குக் கடிதம் எழுதி, நம்மை ஏன் நீக்ரோ என்று அழைக்கிறீர்கள் என்று கேட்டார். ஆசிரியர் டு பாய்ஸ் எழுதிய பதிலின் சாரம் இது: இழிவு சொல்லில் இல்லை, நிலைமையில் இருக்கிறது; நிலைமை அப்படியே இருந்தால் எந்தப் புதுப்பெயரும் நாளை இழிவாகிவிடும். அதே டு பாய்ஸ்தான் அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்கி எழுத வேண்டும் என்று பல்லாண்டு போராடியவர். 1930இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ அதை ஏற்றது.

அண்ணல் அம்பேத்கர் வேறு கோணத்தில் பார்த்தார். ‘இந்துக்களிடமிருந்து விலகி’ என்ற கட்டுரையில் பெயரில் எல்லாமே இருக்கிறது என்று வாதிடுகிறார். தீண்டாமைக்கு ஆளானவர் சாதிப்பெயரை மறைத்து வேறு பெயர் சொல்லிப் பார்க்கிறார். எதிரில் இருப்பவர் மேலும் மேலும் கேட்டுப் பழைய பெயரைக் கக்க வைக்கிறார். அதே மதத்துக்குள் நின்றுகொண்டு பெயரை மட்டும் மாற்றினால் பயனில்லை. வேறொரு சமூகத்தைச் சேர்ந்தவர் என்று சொல்ல முடிகிற பெயர் வேண்டும் என்பது அவர் முடிவு. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அவர் செய்தது அதுதான்.

இருவரும் முரண்படுவதாகத் தோன்றும். போர்ட்டர்களின் வரலாற்றை வைத்துப் பார்த்தால் இருவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். தனியாக மாறும் பெயர் நிலைக்காது என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. பெயரோடு கூட நகர வேண்டியது எது என்பதில்தான் வேறுபாடு. டு பாய்ஸ் நிலைமை என்கிறார். அம்பேத்கர் சமூக உறவு என்கிறார்.

நம் கரையில் ஜார்ஜ்

இந்தப் பெயருக்குச் சென்னையிலும் ஒரு வரலாறு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய கோட்டைக்குப் புனித ஜார்ஜின் பெயர். கோட்டைக்குள் வெள்ளையர் நகரம், மதிலுக்கு வெளியே கருப்பர் நகரம். பழைய வரைபடங்களில் பறச்சேரி அதற்கும் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருப்பர் நகரம் ஐந்தாம் ஜார்ஜின் பெயரால் ஜார்ஜ் டவுன் ஆனது. டுலனியின் சங்கப் பட்டியலில் இடம்பெற்ற அதே மன்னர். நிறத்தைச் சொன்ன பெயர் போய் மன்னனின் பெயர் வந்தது. மூட்டை சுமந்தவரும் கழிவு அள்ளியவரும் அவரவர் இடத்திலேயே இருந்தார்கள்.

எல்லோருக்கும் ஒரே பெயர் என்ற அனுபவமும் நமக்குப் புதிதல்ல. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய 1,52,184 பேரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியே போனவர்கள். அவர்களில் நம் மக்கள் கணிசம். ஆளுக்கொரு எண் தரப்பட்டது. ராமசாமி, முனுசாமி என்ற பெயர்களின் வாலைப் பிடித்து வெள்ளையர்கள் எல்லோரையும் ‘சாமி’ என்றே கூப்பிட்டார்கள். சாமி என்றால் எசமான் என்று பொருள், நான் உனக்கு எசமான் இல்லையே என்று சிலர் திருப்பிக் கேட்டதைக் காந்தி தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அகராதியில் எசமான் என்று பொருள்படும் சொல், தோட்டத்தில் கூலி என்று பொருள்பட்டது. ஜார்ஜுக்கு நேர்ந்ததும் இதுவே.

இன்னொரு கிளையும் இருக்கிறது. ஜார்ஜ், டேவிட், மேரி என்ற பெயர்களை நம் மக்களில் பலர் விரும்பி ஏற்றார்கள். சாதியைக் காட்டாத பெயர், பள்ளிப் பதிவேட்டில் தலைநிமிர்ந்து நிற்கும் பெயர் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. அந்த நம்பிக்கையைக் குறைத்துப் பேச நாம் தயாரில்லை. ஆனால் கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பிப் பிரித்ததை அந்தப் பெயர் தடுக்கவில்லை. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை இந்து மதத்தவருக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதி என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியே நிற்கிறார்கள். தெருவில் சாதி பெயரைத் தாண்டி அடையாளம் காண்கிறது. அலுவலகத்தில் மதம் அந்தச் சாதியை இல்லையென்கிறது. சாதிச் சான்றிதழ் கேட்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்கும் மாணவருக்கு, ஜார்ஜ் என்ற பெயரின் பொருள் உழவன் என்பதா, புனிதர் என்பதா, ‘மனு தள்ளுபடி’ என்பதா?

நாம் செய்யக்கூடியது

2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் ஒரு வெள்ளைக்காரப் போலீஸ்காரர் ஒன்பது நிமிடங்களுக்கும் மேலாகக் கழுத்தில் முழங்காலை அழுத்தியதில் கருப்பினத்தவர் ஒருவர் இறந்தார். அவர் பெயர் ஜார்ஜ் ஃபிளாய்ட். அடுத்த வாரங்களில் உலகின் பல நகரங்களில் மக்கள் அந்தப் பெயரை முழுப்பெயராகச் சொல்லித் தெருவில் நடந்தார்கள். ரயில் பெட்டிகளில் ஆளைக் காணாமலிருக்கப் பயன்பட்ட அதே பெயர், இப்போது ஓர் ஆளைக் காணச்செய்யப் பயன்பட்டது. இதற்கும் டு பாய்ஸின் கேள்வி பொருந்தும். முழக்கத்தோடு கூட எது நகர்ந்தது? கொன்றவருக்குத் தண்டனை கிடைத்தது. காவல்துறை எவ்வளவு மாறியது என்ற விவாதம் அங்கே முடியவில்லை.

மாணவத் தோழர்களிடம் ஒரு வேலையைக் கேட்டுக்கொண்டு முடிக்கிறோம். உங்கள் ஊரில் எழுபதைத் தாண்டியவர்களிடம் போய் உட்காருங்கள். வீட்டில் அவர்களுக்கு வைத்த பெயர் என்ன, பண்ணையில் கூப்பிட்ட பெயர் என்ன, பள்ளிக்கூடத்தில் எழுதிய பெயர் என்ன, ரேஷன் அட்டையில் இருப்பது என்ன என்று நான்கையும் கேட்டு எழுதுங்கள். கூப்பிட்டவர் யார், என்ன தொனியில் கூப்பிட்டார், எந்த ஆண்டில் அது நின்றது, ஏன் நின்றது என்பதையும் எழுதுங்கள். கூலிப் போராட்டம் நடந்த ஊரில் அழைப்பு முன்னதாகவே மாறியிருக்கிறதா, சங்கம் இல்லாத ஊரில் இன்னும் பழையபடி இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளையும் தேயிலைத் தோட்டப் பேரேடுகளையும் பார்க்க அனுமதி கேளுங்கள். பண்டிதர் சொல்லைத் தோண்டி வரலாற்றை எடுத்தார். நமக்கு அந்த வேலை இன்னும் பாதிகூட முடியவில்லை.

எழுதும்போது அவர்களின் பெயரை முழுமையாக, ‘ஆர்’ விகுதியோடு எழுதுங்கள்.

ஜெய்பீம்.